வராத ரயிலில் வந்து இறங்கினோம்

ஹைதராபாத்தில் பார்த்தே தீர வேண்டிய இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் போனபோது, பார்த்துவிடக் கூடாத இடம் ஒன்று இருந்தது. காஞ்சன்பாக் பக்கம் என் அக்கா குடியிருக்கும் இரண்டாவது மாடிப் பால்கனி. அங்கிருந்து அக்கா என்னைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

விஷயம் இதுதான். கோமதி அக்கா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தானுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், ஓய்வு பெற்ற பிறகு அதே பக்கத்தில் வீடு வாங்கிக்கொண்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் ஹைதராபாத் போனாலும் அக்கா வீட்டில்தான் தங்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. ஆனால் மீறியவன் பிழைத்ததில்லை.

பெரியப்பா மகன் சுந்தரம் மீறினான். கம்பெனி வேலையாகப் போனவன் சிகந்தராபாத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கிவிட்டு, ஒரு மதியம் மட்டும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனான். அக்கா வடை பாயசத்தோடு இலை போட்டாள். அன்றோடு சரி, இன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாண வீடுகளில் அவன் எதிரே வந்தால் அவன் மனைவியிடம் மட்டும், "உங்க வீட்டுக்காரருக்கு இந்த ஊர்ல நல்ல லாட்ஜ் கெடைச்சுதாம்மா?" என்று விசாரிப்பாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்கு ஓடுவான்.

இப்படியிருக்க, ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசு என்று ஒன்றை அனுப்பி வைத்தாள். ஹைதராபாத் பழைய நகரத்தில், ஓட்டலாக மாற்றப்பட்ட பழங்காலத்து மாளிகை ஒன்றில் மூன்று நாள் வாசம். "அத்தை வீடு அங்கதானே இருக்கு!" என்று நான் அலறினேன். "அத்தைகிட்ட சொல்லிட்டாப் போச்சு" என்றாள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு எல்லாமே சுலபம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். குறுக்கே வந்தது என் மனைவி விஜயா. "மதினி நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா அங்க போனா நான் விருந்தாளியா? அவங்க அடுப்புல நிப்பாங்க, நான் பக்கத்துல நின்னு தேங்காய் துருவணும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை, கரண்டியைத் தொடாம மூணு நாள் இருந்து பாக்கேனே" என்றாள். எதையும் கேட்காதவள் கேட்டால் மறுப்பது கஷ்டம். தவிர, அந்த ஓட்டலின் படங்களை நானும் பார்த்துவிட்டேன்.

ஆகவே திட்டம் போட்டேன். வியாழக்கிழமை போய் இறங்கி ஓட்டலில் ரகசியமாக இருப்பது. அக்காவிடம் "ஞாயிற்றுக்கிழமை காலை மெட்ராஸ் வண்டியில் காச்சிகுடா வந்து சேர்கிறோம்" என்று சொல்லிவிடுவது. அத்தான் வழக்கம்போல ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வருவார். யார் வந்தாலும் வருவார். நாங்கள் ஓட்டலிலிருந்து பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்து, வண்டியிலிருந்து இறங்கும் கூட்டத்தோடு கலந்து வெளியே வர வேண்டியது. திட்டத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. வங்கியில் அதிகாரியாக இருந்த காலத்திலும் எனக்கு ஓட்டை எதுவும் தெரிந்ததில்லை, ஆடிட்டர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

வியாழன் மதியம் ஓட்டல் வாசலில் இறங்கினோம். வெளியே ஸ்கூட்டரும் தள்ளுவண்டியும் முட்டி மோதும் சந்து. ஒரு பெரிய மரக்கதவைத் தாண்டி உள்ளே போனால் சத்தமே இல்லை. நடுவில் முற்றம், ஒரு வேப்பமரம், சின்னக் குளம், சுற்றிலும் வெள்ளை வளைவுகள். ஒரு காலத்தில் யாரோ ஜாகிர்தார் குடும்பத்து வீடாம். விஜயா முற்றத்தின் நடுவில் நின்று, பெருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒரு முற்றத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள்.

மேலாளர் ஃபரீத் நெஞ்சில் கை வைத்து வரவேற்றார். வெண்ணெய் மாதிரி உருது. "இது ஓட்டல் இல்லை, இதை உங்கள் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். விஜயா பயந்து போய், "ஓட்டலாவே இருக்கட்டும்னு சொல்லுங்க" என்றாள்.

அறையைப் பற்றி என்ன சொல்ல! கட்டில் அவ்வளவு உயரம். ஏறுவதற்கு ஒரு மரப்படி போட்டிருந்தார்கள். மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்த நான் அந்தப் படியை மறந்து, ஜாகிர்தார் காலத்துத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். குளியலறையில் ஒரு தொட்டி, சுவரில் பித்தளைக் குழாய்கள். எதைத் திருகினால் எங்கே தண்ணீர் வரும் என்று தெரியாமல் சட்டையோடு ஒரு முறை குளித்தேன். பிறகு வெட்கத்தை விட்டு ஃபரீத்தைக் கூப்பிட்டு ஒரு வாளியும் மக்கும் கேட்டேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வெள்ளித் தாம்பாளம் ஏந்தி வருகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாளியை ஏந்தி வந்தார்.

முற்றத்தில் இரண்டு பெரிய வாத்துகள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, என் இடுப்பு உயரத்துக்கு. மாளிகைக்கு அவைதான் காவலாம். "யாரையும் கடித்ததில்லை" என்று ஃபரீத் உறுதி சொன்னார். அந்த வார்த்தை என் விஷயத்தில் சாயங்காலம்வரை தாங்கியது. மரத்தடியில் உட்காரப் போன என்னை ஆண் வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்தியது. நான் கல் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டேன். விஜயாவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பெஞ்சின் மேல் நிற்கும்போதுதான் அக்காவிடமிருந்து போன்.

"ஏல கணேசா, துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"எடுத்து வச்சிட்டே இருக்கோம்க்கா."

"அல்வா சூடா வாங்காத, ஆறவிட்டு வாங்கு. அத்தானுக்கு... அது என்னல சத்தம்?"

கீழே இரண்டு வாத்துகளும் சேர்ந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தன.

"டிவிக்கா."

"டிவியில வாத்து கத்துது, அத உக்காந்து பாக்கியா? அந்தப் புள்ள விஜயா பெட்டி அடுக்குவா, நீ வாத்து பாரு" என்று வைத்துவிட்டாள். பெஞ்சை விட்டு இறங்க முடியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. நானும் பொய் சொல்லக் கூடியவன்தான்.

மறுநாள் காலை கிச்சடி. நம் ஊரில் கிச்சடி என்றால் ரவை. இங்கே மஞ்சளாக, மைசூர்ப் பருப்புப் போட்ட சாதம்; கூடவே எள்ளும் புளியும் கரைத்த ஒரு குழம்பு, அப்பளம். காலை எட்டு மணிக்குப் புளிக்குழம்பா என்று சந்தேகத்தோடு ஆரம்பித்து மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டேன். விஜயா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் அந்தத் தட்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறவள் பார்க்கிற மாதிரி.

பிறகு ஊர் சுற்றல். சார்மினார் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. வளையல் கடைகளில் விஜயா விலை கேட்பாள். கடைக்காரர் ஒன்று சொல்வார். நான் என் இந்தியில் பேரம் பேசுவேன். அவர் பாவம் பார்த்து விஜயாவிடமே திரும்பிக் கைவிரலால் பேசி முடிப்பார். கால் வலித்ததும் இரானி டீக்கடை. டீயா பாயசமா என்று சொல்ல முடியாத ஒன்று, தொட்டுக்கொள்ள உப்பும் இனிப்புமான பிஸ்கட். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள். ஒருவர், "என் மருமகன் நல்லவன்தான். என்ன, வந்தால் போவதில்லை" என்றார். மற்றவர், "என் மருமகன் அதைவிட நல்லவன். வருவதே இல்லை" என்றார். நான் குனிந்தபடி டீயைக் குடித்தேன்.

பழைய பிரபுக் குடும்பம் ஒன்றின் பைகா கல்லறைகளைப் பார்க்க வேண்டும் என்றாள் விஜயா. சுண்ணாம்பில் பூ வேலை அவ்வளவு நுணுக்கமாம். ஆட்டோ பிடித்தோம். கடைகள் குறைந்து, சாலை அகலமாகி, அரசாங்கக் காம்பவுண்டுச் சுவர்கள் வர ஆரம்பித்தன. எங்கேயோ பார்த்த சுவர்களாக இருக்கின்றனவே என்று யோசிக்கும்போதே ஒரு பலகையில் காஞ்சன்பாக் என்று அம்புக்குறி. அந்தக் கல்லறைகள் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா காய்கறி வாங்க வருகிற சந்தைகூட இந்தப் பக்கம்தான். நான் துண்டை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டு சீட்டுக்குக் கீழே மடங்கி உட்கார்ந்தேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "என்ன சார், போலீஸா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை. அக்கா" என்றேன்.

"பெரிய அக்காவா, சின்ன அக்காவா?"

"பெரிய அக்கா."

"அப்படியென்றால் குனிந்தே இருங்கள்" என்று சொல்லி, என் பக்கத்து மழைத்திரையையும் இழுத்துவிட்டார். நல்ல மனிதர். விஜயா சிரித்த சிரிப்பில் தெருவே எங்களைத் திரும்பிப் பார்த்தது. கல்லறைகளில் பூ வேலை நுணுக்கமாகத்தான் இருந்ததாம். நான் பார்த்ததெல்லாம் ஆட்டோவின் தரையும், இடையிடையே அக்கா வழக்கமாகக் கட்டுகிற பச்சைப் புடவையில் யாராவது வருகிறார்களா என்பதும்தான்.

சனிக்கிழமை எங்குமே போகவில்லை. விஜயா முற்றத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். டீ வந்தது, குடித்தாள். சாப்பாடு வந்தது, சாப்பிட்டாள். ரொட்டியை நெய்யில் பொரித்துப் பாலில் ஊறவைத்த ஒரு இனிப்பு வந்தது. திருநெல்வேலிக்காரி என்பதையும் மறந்து, "அல்வாவை விட நல்லாருக்கு" என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது. என்ன என்று பிற்பாடுதான் புரிந்தது. அடுத்த வேளைக்கு என்ன என்கிற யோசனை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபரீத் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ரயிலில் வந்தவன் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் சட்டையைக் கசக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையையும் கொஞ்சம் கலைத்திருந்தேன். விஜயா பளிச்சென்று இருந்தாள். "நீயும் கொஞ்சம் கசங்கேன்" என்றதற்கு, "உங்க பொய்க்கு என் புடவை எதுக்கு?" என்றாள்.

காச்சிகுடா ஸ்டேஷனில் எல்லாம் திட்டப்படி நடந்தது. உள்ளே நுழைகிறோம், ஒரு வண்டி வந்து நிற்கிறது, கூட்டம் கொட்டுகிறது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? கூட்டத்தோடு கலந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு, முகத்தில் களைப்பை வரவழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் அத்தான், கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மெதுவாக எழுந்தார். ஏனோ உடனே சிரிக்கவில்லை.

"வா மாப்ள. வாம்மா. பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"ரொம்ப சௌகரியம் அத்தான். நல்லாத் தூங்கினோம். டயத்துக்குக் கொண்டு வந்து விட்டுட்டான்."

"அப்படியா" என்றார் அத்தான். போனை ஒரு தடவை பார்த்தார். தொழிற்சாலையில் வருஷக் கணக்காகத் தரப் பரிசோதனை செய்த மனிதர். "வழியில மழையாம். உன் வண்டி இன்னும் ஊருக்குள்ளயே வரல. நீங்க ரெண்டு பேரும் மட்டும் இறங்கி ஓடி வந்துட்டியளா?"

நாங்கள் கலந்து வந்த கூட்டம் வேறு ஏதோ உள்ளூர் வண்டிக் கூட்டம். பால் கேன்களைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அத்தானின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டி லேட்டுன்னு தெரிஞ்சும் நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன் தெரியுமா? வீட்டுக்குத் திரும்பிப் போனா உங்க அக்கா தேங்காய் துருவச் சொல்லுவா."

விஜயா அத்தானைப் பாசத்தோடு பார்த்தாள்.

"அக்காகிட்ட நீங்களே பக்குவமா..." என்று ஆரம்பித்தேன்.

"நக்கோ, நக்கோ" என்று, இந்த ஊர் பாஷையில் வேண்டாம் சொல்லி, இரண்டு கையையும் ஆட்டினார் அத்தான். "நான் சொல்ல மாட்டேன். நீ பண்ணுனத நீயே சொல்லு. ஆனா இப்பவே வீட்டுக்குப் போனா அவளுக்குச் சந்தேகம் வரும். வண்டி வர்ற வரைக்கும் இருந்துட்டுத்தான் போகணும்."

இப்படியாக, நாங்கள் வராத ஒரு ரயிலுக்காக மூன்று பேரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து காத்திருந்தோம். வாழ்க்கையில் எத்தனையோ ரயிலுக்குக் காத்திருக்கிறேன். ஏற்கெனவே வந்து இறங்கிவிட்ட ரயிலுக்குக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

அக்கா படியிறங்கிக் கீழேயே வந்து நின்றாள். "வாங்க, வாங்க. பாவம், மழையில வண்டி கெடந்து வந்திருக்கு. விஜயா, என்னட்டி எளைச்சுப் போயிட்ட?" என்று அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டாள். பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். வீட்டுக்குள் நுழையும்போதே சொதியின் வாசனை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் செய்கிற சாப்பாடு. தேங்காயை மூன்று தடவை பால் பிழிந்து செய்ய வேண்டும். கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். தன் படுக்கையறையை எங்களுக்கு ஒழித்துப் புது விரிப்பு போட்டிருந்தாள். அவளும் அத்தானும் கூடத்தில் படுத்துக்கொள்வார்களாம்.

எனக்குச் சொதி இறங்கவில்லை. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பேன். அக்கா அதில் இன்னொரு கரண்டி ஊற்றுவதற்கு அனுமதி என்று எடுத்துக்கொள்வாள். இப்படியே என் தட்டு நிறைந்து வழிந்தது. அத்தான் அப்பளத்தை மட்டும் கவனமாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தூக்கமில்லாத மூஞ்சி மாதிரியே தெரியலயே விஜயா ஒனக்கு. நல்லாத் தெளிவா இருக்க" என்றாள் அக்கா, சாதாரணமாகத்தான்.

விஜயா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மதினி, நாங்க இன்னிக்கு வரல. வியாழக்கிழமையே வந்துட்டோம். சார்மினார் பக்கம் ஓட்டல்ல இருந்தோம்."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறகு அதைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சுந்தரம் பந்தியிலிருந்து தட்டோடு ஓடுவது என் கண் முன்னால் வந்தது. இனிமேல் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓட வேண்டியதுதான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்களோடு உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

"அங்க காலையில காப்பி யாரு போட்டா?" என்று விஜயாவைப் பார்த்துக் கேட்டாள்.

"டீதான் மதினி. அவங்களே கொண்டு வந்து குடுத்தாங்க."

"ரூமுக்கேவா?"

"ரூமுக்கே."

"குடிச்ச கப்பு?"

"அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஹவ்" என்றாள் அக்கா, இந்த ஊர்க்காரர்கள் ஆமோதிக்கிற மாதிரி. ஆனால் அவள் எதை ஆமோதித்தாள் என்று தெரியவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"விசாவுக்கு வந்தவன், இன்டர்வியூக்கு வந்தவன், கண் ஆபரேஷனுக்கு வந்தவன்னு எல்லாரும் இங்கதான் இருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கெடைச்சு, குகட்பள்ளியில ரூம் கெடைக்கிற வரைக்கும் பாதிப் பயலுவ இங்கதான் கெடந்தான். எவனுக்கும் நான் மூஞ்சியக் காட்டுனதில்ல. நீ ஓட்டல்ல தங்குனதக்கூட விடு. இங்கன, ஒரு ஆட்டோ தூரத்துல மூணு நாள் இருந்திருக்க." துடைத்த கையையே மறுபடியும் முந்தானையில் துடைத்தாள். "அக்காவையும் ஒரு நாள் அங்க வரச் சொல்லுவோம்னு ஒனக்குத் தோணலயால?"

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எனக்குத் தோணவில்லை. சத்தியமாகத் தோணவே இல்லை. அக்காவுக்குத் தெரியாமல் எப்படி இருப்பது என்று யோசித்த என் மூளை, அக்காவோடு இருப்பதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு இது தாங்க முடியாததாக இருந்தது. வெட்கத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. சொதியில் உப்பு கொஞ்சம் கூடியது.

நான் அங்கேயே, சாப்பிட்ட கையோடு, இடது கையால் ஃபரீத்துக்குப் போன் போட்டேன்.

திங்கட்கிழமை மதியம் நான்கு பேரும் அந்த மரக்கதவைத் தாண்டி உள்ளே போனோம். பெண்கள் இரண்டு பேருக்கும் அந்த உயரக் கட்டில் அறை. எனக்கும் அத்தானுக்கும் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அக்கா, "இவ்வளவு செலவா? எதுக்குல இதெல்லாம்?" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தவள், முற்றத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஃபரீத் நெஞ்சில் கை வைத்து, "இது உங்கள் வீடு" என்றார். அக்கா முப்பது வருஷத்து உருதுவில், "வீட்டில்தான் தினமும் இருக்கிறேனே பேட்டா, இன்றைக்கு நான் விருந்தாளி" என்றாள். மகனே என்று கூப்பிட்டதும் ஃபரீத் இன்னொரு முறை நெஞ்சில் கை வைத்தார்.

ஆண் வாத்து என்னைக் கண்டதும் பழைய கணக்கைத் தீர்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. நான் பெஞ்சில் ஏறிவிட்டேன். அக்கா குறுக்கே நின்று, "ஏய், நக்கோ!" என்று ஒரு அதட்டல் போட்டாள். வாத்து நின்றது. யோசித்தது. கழுத்தை மடக்கிக்கொண்டு குளத்துக்கே திரும்பிப் போய்விட்டது. சுந்தரத்தின் நினைவு எனக்கு மறுபடியும் வந்தது.

பழக்கம் அவ்வளவு லேசில் விடவில்லை. சாயங்காலம் டீ குடித்த கோப்பைகளை அக்கா குளியலறைக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். காலையில் விரிப்பு மாற்ற வந்த பெண் உள்ளே நுழைவதற்குள், இரண்டு பேர் புரண்ட கட்டிலைச் சுருக்கமில்லாமல் விரித்து, தலையணையைத் தட்டி வைத்திருந்தாள். விஜயா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முற்றத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "எந்திரிக்கக் கூடாது மதினி. கையக் கட்டிட்டு உக்காருங்க." அக்கா பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீ வந்தது. வேப்பமரத்திலிருந்து ஒரு இலை சுழன்று வந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. பாதிக் கோப்பை குடித்திருப்பாள், போன் அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் சித்தி மகன். ஒலிபெருக்கியில் போடாமலே எங்கள் எல்லாருக்கும் கேட்கும் குரல் அவனுக்கு. மகனைக் கல்லூரியில் சேர்க்க வருகிறானாம். நான்கு பேர். நாளைக் காலை வண்டி.

"அக்கா, அத்தான ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருதியளா?"

அத்தான் டீயைக் கீழே வைத்தார். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாங்க ஊர்ல இல்லப்பா."

"ஊர்ல இல்லையா? எங்கக்கா போயிருக்கிய?"

அந்த நேரம் பார்த்து, குளக்கரையில் இரண்டு வாத்துகளும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தன.

"அது என்னக்கா சத்தம்?"

"டிவி" என்றாள் அக்கா. "அடுத்த வாரம் வாங்க. சொதி வச்சுத் தாரேன்."

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மீதி டீயை ஆற அமரக் குடித்தாள். காலிக் கோப்பையோடு எழுந்திருக்கப் போனவள், பாதியில் நின்று, அதை அப்படியே மேசையின் நடுவில் வைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.